ரோமில் உட்காரவும் காசு

ரோம் நகரில் காசில்லாமல் உட்கார இடம் தேடுவதுதான் பெரும்பாடு. ஜூலை வெயிலில் கால் கடுக்க நடந்து ஸ்பானியப் படிக்கட்டை அடைந்தோம். உச்சியில் திரினிதா தேய் மோந்தி தேவாலயம், அடியில் படகு வடிவ நீரூற்று, நடுவே அகலமான படிகள். ஒரு மூதாட்டி கைப்பையை இறக்கி வைத்து மெல்ல அமர்ந்தார். அடுத்த நொடியே விசில். போலீஸ்காரர் கையை ஆட்டி எழுப்பிவிட்டார்.

2019 முதல் இங்கே உட்காரத் தடை. மீறினால் அபராதம் 250 யூரோ. படியை அழுக்காக்கினால் 400 வரை போகும். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பத்து யூரோவுக்குள் முடிக்கத் திண்டாடும் எங்களுக்கு, அந்தத் தொகையைக் கேட்டதுமே நிற்கத் தெம்பு வந்துவிட்டது.

படியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது நியாயம். 1720களில் கட்டிய படிகள் இவை. ஒரு நகை நிறுவனம் 15 லட்சம் யூரோ கொடுத்துச் சீரமைத்து, 2016இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்தக் கல்லில் எண்ணெயும் ஒயினும் சிந்தினால் ஊறி இறங்கிவிடும். ஆனால், ஓரமாக ஐந்து நிமிடம் உட்காருபவரால் கல்லுக்கு என்ன கேடு? படி தேய்வது மிதிப்பவர்களால் அல்லவா!

புளோரன்ஸ்காரர்கள் 2017இல் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. சாந்தா குரோசே தேவாலயத்தின் படிகளை மதிய உணவு நேரத்தில் தண்ணீர் பீய்ச்சி நனைத்துவிட்டார்கள். மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் அடக்கமாகியிருக்கும் கோயிலின் வாசலில் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிப்பவர்களுக்கு அது போதும். மறு ஆண்டே அந்த ஊரும் உஃபிசி அருங்காட்சியகப் பக்கத்துத் தெருக்களில் நின்று தின்றால் 150 முதல் 500 யூரோ வரை அபராதம் என்று இறங்கிவிட்டது.

சரி, எழுப்பிவிட்டால் எங்கே போவது? பக்கத்துக் காப்பிக் கடைக்குத்தான். நின்று குடித்தால் ஒன்றேகால் யூரோ, நாற்காலியில் அமர்ந்தால் ஐந்தரை! விலைப்பட்டியலில் இரண்டையும் போட்டிருந்தார்கள், எறும்பளவு எழுத்தில். பில்லைப் பார்த்து என் மனைவி அரை மணி நேரம் பேசவில்லை.

தேவாலயங்களுக்குள் பெஞ்சு உண்டு, பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தின்பண்டம் வெளியே வரக் கூடாது. ஆனால் சிறிய கோயில்கள் பலவற்றை மதியம் பூட்டிவிடுகிறார்கள், சரியாகக் கால் வலிக்கும் நேரத்தில்.

நீங்கள் போனால் இப்படிச் செய்யுங்கள்: துண்டு பீட்சாக் கடையில் உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டதைக் கேளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். அடி மொறுமொறுவென்று, மேலே உப்பும் ஆலிவ் எண்ணெயும் மினுமினுக்க, அடடா! இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு யூரோகூட ஆகவில்லை. பொட்டலத்தோடு படிகளில் நிற்காமல் ஏறி, உச்சியில் இடப்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பின்சியோ தோட்டம். மர நிழல், பெஞ்சு, எல்லாம் இலவசம். தண்ணீருக்கும் செலவில்லை, தெருக்குழாய்களில் நாள் முழுவதும் ஓடுகிற தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.