திரைப்பட வகைமையும் பார்வையாளர் எதிர்பார்ப்பும்: இயக்கம் பயில விரும்புவோருக்கு என் அனுபவம்

திரைப்பட இயக்கம் பயில்வதற்கான நுழைவுத் தேர்வின் எழுத்துப் பகுதியில் தேறி, முதன்முறையாக நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தபோது, எத்தகைய படம் எடுக்க விரும்புகிறீர்கள் என்று தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார். காதல், சண்டை, நகைச்சுவை, திகில் எல்லாம் கலந்த படம் என்று சொன்னேன். "அப்படியானால், முதல் பத்து நிமிடம் முடிந்ததும் திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் எதற்காகக் காத்திருப்பார்?" என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சேர்ந்து, படித்து முடித்து, சில படங்களில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய பின், இப்போது மதுரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லூரி மாணவர்களுக்குக் குறும்படப் பயிற்சி அளித்து வருகிறேன். முதல் வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

வருகிற மாணவர்கள் பெரும்பாலும் வகைமைகளின் பட்டியலோடு வருகிறார்கள். ஜானர் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பட்டியலில் துப்பறியும் படம், பேய்ப் படம், அறிவியல் புனைவு என்று இருபது பெயர்கள் இருக்கும். எழுத்துத் தேர்வுக்கு அவை தேவையும்கூட. ஆனால் படத்துக்கு ஒட்டப்படும் பெயராக மட்டும் வகைமையைப் படித்தால், படம் எடுக்கும்போது அது எந்த வேலைக்கும் உதவாது. நம் திரையுலக வழக்கில் ஒரு கவனிக்கத்தக்க செய்தி உண்டு. புராணப் படம், ராஜா ராணிப் படம் ஆகிய பெயர்கள் கதையைக் குறிக்கின்றன. குடும்பப் படம் என்ற பெயரோ கதையில் குடும்பம் இருப்பதோடு, யார் யாரை அழைத்துக்கொண்டு வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. வகைமை என்பதில் பாதி பார்க்க வருபவரைப் பற்றியது என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்தே விளக்கத் தொடங்கலாம்.

இடம் கிடைக்காத அந்த ஓராண்டில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பிடித்த படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது முன்வரிசையின் ஓர இருக்கையில் அமர்ந்து, திரையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களைக் கவனிப்பேன். எந்த நிமிடத்தில் சிரிக்கிறார்கள், எங்கே கைபேசியை எடுக்கிறார்கள், பாடல் தொடங்கியதும் எழுந்து வெளியே போகிறவர்கள் எந்தப் படத்தில் அதிகம் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிவைத்தேன். துரத்தல் உச்சத்தில் இருக்கும்போது பாடல் வந்தால் எழுந்து போனவர்கள், இருவர் பேசிக்கொள்ளத் தயங்கிய காட்சிக்குப் பின் வந்த பாடலுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாடல் பிடித்திருக்கிறதா என்பதைவிட, அந்த நேரத்தில் அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதே அதைத் தீர்மானித்தது. தேர்வுக்குத் தயாராகும் ஒவ்வொருவரும் ஐந்து படங்களுக்காவது இந்த நோட்டை எழுத வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

வகுப்பில் இதை விளக்க எனக்குப் பெரிதும் துணையாக இருப்பது நம் திணைக் கோட்பாடு. கார்காலம், மாலைப் பொழுது, முல்லைப்பூ என்று சொல்லிவிட்டாலே, பிரிந்து சென்ற தலைவனுக்காகத் தலைவி காத்திருக்கிறாள் என்பதைச் சங்கப் பாடலைக் கேட்பவர் உணர்ந்துவிடுவார். அதைக் கவிஞர் விளக்க வேண்டியதில்லை. நண்பகலும் வேனிலும் வறண்ட வழியும் வந்தால் பிரிவு வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள், பூவும் பறவையும் தொழிலும் கருப்பொருள், அவை எழுப்பும் உணர்வொழுக்கம் உரிப்பொருள் என்ற மூன்று அடுக்குகளையும் அப்படியே ஒரு பேய்ப் படத்தின் மீது வைத்துப் பாருங்கள். ஆளில்லாத வீடும் நள்ளிரவும் முதற்பொருள், கதவும் கண்ணாடியும் அணையும் விளக்கும் கருப்பொருள், அச்சம் உரிப்பொருள். மாணவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அயல்நாட்டுப் பாடநூல்களின் வரையறையைப் படித்தபோது இதே தெளிவு வருவதற்கு எனக்கு ஒரு பருவம் ஆனது.

அடுத்து ஒரு பயிற்சி. கடைசிப் பேருந்திலிருந்து ஒருவர் ஊர் எல்லையில் இறங்குகிறார்; தேநீர்க் கடைக்காரர் விளக்கை அணைக்கிறார். இந்த ஒரே நிகழ்வை வசனமின்றி மூன்று வகைமைகளில் எழுத வேண்டும். திகிலுக்கு எழுதுபவர் பேருந்து போன பின் எழும் அமைதியைப் பிடிப்பார். நகைச்சுவைக்கு எழுதுபவர், இறங்கியவரின் பை பேருந்திலேயே போய்விட்டதை அவருக்கு முன் கடைக்காரருக்குத் தெரியவைப்பார். குடும்பக் கதைக்கு எழுதுபவர், அணைத்த விளக்கைக் கடைக்காரர் திரும்பப் போடுவதாக எழுதினால் போதும், பழைய உறவொன்று இருப்பதைப் பார்ப்பவர் புரிந்துகொள்வார். எழுதியதை அடுத்தவரிடம் கொடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியவர் நினைத்ததும் படித்தவர் எதிர்பார்த்ததும் வேறுபடும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

எதிர்பார்ப்பை மீறலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மீறலாம், ஆனால் எதை நீக்குகிறோமோ அது செய்துகொண்டிருந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். 1954 இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாடல்களே இல்லை. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறது. கொன்றது யார் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் அந்த அமைப்பு இன்றும் பாடமாக வைக்கத்தக்கது என்றாலும், வெளியானபோது அது வசூலில் வெற்றி பெறவில்லை. நாயகனையும் பாடல்களையும் எதிர்பார்த்து வந்த அக்காலத்துப் பார்வையாளரிடமிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டது அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2019 இல் லோகேஷ் கனகராஜின் 'கைதி' படத்திலும் பாடல் இல்லை, கதாநாயகி இல்லை, கதை ஓரிரவில் நடக்கிறது. ஆனால் பார்த்தே இராத மகளைக் காண ஒரு தந்தை புறப்பட்டிருக்கிறான் என்ற இழை, பாடல் வழக்கமாகத் தரும் நெகிழ்ச்சியைச் சண்டைகளுக்கு நடுவே தந்துகொண்டே இருந்தது.

வகைமைகளைக் கலப்பதில் என் மாணவர்கள் பட்ட அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விடுதி அறையில் நண்பர்கள் ஒருவனுடைய கைபேசியை ஒளித்துவைத்து விளையாடுகிறார்கள். அது ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நகைச்சுவை. இறுதியில் கைபேசி கைக்கு வரும்போது, அவன் தந்தை மருத்துவமனையில் இறந்துவிட்ட செய்தி வருகிறது. எட்டு நிமிடப் படம். கல்லூரியில் திரையிட்டபோது அவன் அழுத காட்சியில் அரங்கம் சிரித்தது. இயக்கிய மாணவர் உடைந்துபோய், "ரசனை இல்லாதவர்கள் அண்ணா" என்றார். "இல்லை தம்பி, ஏழு முறை மணி அடித்ததும் சிரிக்க வேண்டும் என்று நீங்கள்தானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? எட்டாவது முறையும் அவர்கள் அதைத்தான் செய்தார்கள்" என்றேன். அந்த அரங்கில் இருந்தவர்கள் படத்தை மிகக் கவனமாகப் பார்த்திருந்தார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு வாரங்கள் ஆயின.

பிறகு சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். திணைகள் மயங்குவதை, அதாவது ஒன்றோடொன்று கலப்பதை, தொல்காப்பியம் விலக்கவில்லை. ஆனால் நிலம் மயங்காது என்று சேர்த்தே சொல்கிறது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். முதல் வடிவத்தில், இறுதிக் காட்சிக்காக வேறு ஒளியும் சோகமான வயலின் இசையும் சேர்த்திருந்தார்கள். அதாவது நிலத்தையே மாற்றியிருந்தார்கள். அவற்றை நீக்கினோம். மூன்றாவது முறை மணி அடிக்கும்போது, தலையணைக்கடியில் ஒளிரும் திரையில் 'அம்மா' என்ற பெயரைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டினோம். இரண்டு விநாடி, இசை இல்லை. அதன்பின் வந்த சிரிப்புகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. சிரிப்புக்கு அடியில் ஒரு கவலை சேர்ந்துகொண்டது. இரண்டாம் திரையிடலில் இறுதிக் காட்சியின்போது அரங்கம் அமைதியாக இருந்தது. பேயும் நகைச்சுவையும் கலந்த படங்கள் நம்மிடம் நன்றாக ஓடுவதற்கும் இதே காரணத்தைச் சொல்வேன்: வீடு ஒன்றுதான், இரவு ஒன்றுதான், அதற்குள் அச்சமும் சிரிப்பும் மாறி மாறி வருகின்றன.

தேர்வு எழுதுவோருக்குச் சில சொற்கள். படத்தை ஆய்வு செய்யும் வினாவில் அருமை, நேர்த்தி போன்ற சொற்களைத் தவிர்த்து, எந்தக் காட்சியில், எந்த ஒலியால் அல்லது பொருளால், எந்த எதிர்பார்ப்பு உருவானது, அது எங்கே நிறைவேறியது அல்லது திருப்பப்பட்டது என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் பார்க்காத படத்தைப் பற்றிக் கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவதே நல்லது. நன்கு தெரிந்த மூன்று படங்கள் போதும். நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் முறை நான் சென்றபோது, குழுவில் இருந்தவர் அதை வாங்கிச் சில நிமிடங்கள் புரட்டிப் பார்த்தார். 'இந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை' என்று நான் எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்து, ஏன் என்று கேட்டார். மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.