ஜீன் கேங்கும் கான்கிரீட் விளிம்பும்

சிகாகோவில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். மாடித் தளங்களுக்கு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. ஒரு மாடிக்கு வரைந்ததையே மேலே வரும் மாடிகளுக்கெல்லாம் வைத்துவிடுவது எங்கள் தொழிலின் வழக்கம். ஒப்பந்தக்காரர்களும் அதையே விரும்புவார்கள். கான்கிரீட் ஊற்றும் அச்சு மாறாவிட்டால் வேலை வேகமாக ஏறும். அந்த வழக்கத்துக்குள்ளேயே நின்று அதை மீறிக் காட்டியவர் என்பதால்தான் கட்டடக் கலைஞர் ஜீன் கேங் மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

2009இல் எழுந்த அவருடைய அக்வா கோபுரத்துக்கு 82 மாடிகள். அதற்கு முன் அவர் வானளாவிய கட்டடம் எதையும் கட்டியதில்லை. வளைவுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது சாதாரணச் செவ்வகப் பெட்டிதான். கண்ணாடிச் சுவர் நேராகவே மேலேறுகிறது. அவர் கைவைத்தது சுவரைத் தாண்டி நீளும் தளத்தின் விளிம்பில் மட்டும். அது சில இடங்களில் 12 அடி வரை வெளியே வருகிறது, சில இடங்களில் சுவரோடு ஒட்டிவிடுகிறது. ஒரு மாடியின் வளைவு இன்னொரு மாடியில் இல்லை. வளையக்கூடிய உலோகப் பட்டையை விளிம்பில் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினார்கள்; அதே பட்டையை அடுத்த மாடியில் வேறு வளைவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். தச்சர் கையில் நடக்கிற காரியமாக அதை யோசித்திருக்கிறாரே, அங்கேதான் நான் அசந்துபோகிறேன். அந்த விளிம்புகள் வெயிலைத் தடுக்கின்றன, பறவைகள் கண்ணாடியில் மோதாமல் இருக்க உதவுகின்றன, காற்றையும் சிதறடிக்கின்றன. இவ்வளவு உயரத்துக்கு வழக்கமாக வைக்கும் ஆட்டம் தணிக்கும் கனமான அமைப்பு இங்கே தேவைப்படவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இருக்கும் தளமே இடைவெளியின்றி வெளியே நீள்வதால், சிகாகோ குளிர்காலத்தில் வீட்டுச் சூடு கான்கிரீட் வழியாக வெளியேறுகிறது. இடையில் வெப்பத் தடுப்பு வைத்திருக்கலாம்.

இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியரில் 1964இல் பிறந்தவர் அவர். தந்தை சிவில் பொறியாளர். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1997இல் சிகாகோவில் சொந்த அலுவலகம் தொடங்கினார். பொருளின் இயல்பைச் சோதித்துப் பார்ப்பது ஆரம்பத்திலிருந்தே அவர் வழி. சுமை தாங்கத்தான் கல் என்று எல்லோரும் நினைத்திருக்க, 2003இல் வாஷிங்டனில் ஒரு கண்காட்சிக்காக மெல்லிய சலவைக்கல் துண்டுகளைக் கோத்துத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்.

என்னை அதிகம் பாதித்தது அக்வாகூட இல்லை. சிகாகோவின் தென்பகுதியில் வளர்ப்புக் குழந்தைகளின் குடும்பங்களுக்காக 2008இல் திறக்கப்பட்ட சிறிய சமூகக் கூடம். கையில் பணம் குறைவு. கான்கிரீட் நன்கொடையாக வந்தது. கலவைகள் வெவ்வேறு என்பதால் நிறமும் ஒன்றாக இல்லை. பூசி மறைக்கவில்லை அவர். ஒவ்வொரு கலவையையும் தனித்தனி அடுக்காக ஊற்றவைத்தார். சாம்பல், வெளிர்சாம்பல், மீண்டும் அடர்சாம்பல் என்று அலை அலையாக ஓடும் கோடுகளே அந்தச் சுவருக்கு அழகாகிவிட்டன. கான்கிரீட் ஊற்றுவது நின்ற இடத்தில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் எல்லோரும் படாதபாடு படுகிறோம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கேங்கின் வேலை எதையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் அந்தச் சுவருக்குத்தான் அனுப்புகிறேன். அக்வாவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.