பை டவுன் படங்களும் அவற்றின் குறிப்புகளும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், பை டவுன் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1930களின் புழுதிப் புயல்களாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் பிழைக்க வழியின்றிப் போன உழவர் குடும்பங்கள் பல, இங்கே குடியேறிக் காட்டைத் திருத்தி மக்காச்சோளமும் பீன்ஸும் பயிரிட்டன. 1940இல் அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகப் புகைப்படக் கலைஞர் ரஸ்ஸல் லீ அங்கு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

வறுமையைப் பதிவு செய்த படங்கள் என்று இவற்றை ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பாதி நிலத்துக்குள் தோண்டி இறக்கி, மேலே மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு ஒன்றை லீ உள்ளும் புறமும் படமெடுத்திருக்கிறார். பார்த்தவுடன் நம் மனத்தில் எழுவது இரக்கம்தான். ஆனால் படத்தோடு உள்ள குறிப்பைப் படித்தால், அவ்வீட்டின் முக்கிய சன்னல், மேற்கு டெக்சாஸிலிருந்து அந்தக் குடும்பத்தைச் சுமந்துவந்து ஓய்ந்துபோன காரின் முன்கண்ணாடி என்பது தெரிகிறது. கையில் காசில்லாமல் வந்து ஓராண்டுகூட ஆகாத அந்தக் குடியானவர், கருவிகள் போதாததால் கையாலேயே பயிர் செய்கிறார் என்றும் குறிப்பு சொல்கிறது. அதன்பின் படத்தை மறுபடி பார்க்கும்போது, எதையும் வீணாக்காத ஒரு மனிதரின் கைத்திறன்தான் முதலில் கண்ணில் படுகிறது.

வேதிப்பொறியியல் படித்தவரான லீ, ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தயங்காமல் நேராகப் பாய்ச்சுவார். கலைநயம் சற்றுக் குறையலாம். ஆனால் இருண்ட வீட்டின் மூலைமுடுக்கில் இருக்கும் பாத்திரம் பண்டம்வரை அத்தனையும் தெளிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம். நாள் முழுதும் கூடிப் பாடி அங்கேயே சேர்ந்து உண்ணும் ஊர்க்கூட்டத்தையும், இரவு நடனத்தையும், ஊர்ச் சந்தை விருந்துக்கு முன் தலைகுனிந்து இறைவனுக்கு நன்றி சொல்லும் மக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. இவற்றுள் சில, கோடக்ரோம் என்னும் வண்ணப் படச்சுருளில் எடுத்த படங்கள்.

இந்தச் சிறப்பில் லீயின் மனைவி ஜீனுக்கும் பெரும் பங்கு உண்டு. பத்திரிகையாளராக இருந்த அவர், கணவருடன் பயணம் செய்து மக்களிடம் பேசி, குறிப்புகள் எழுத உதவினார். அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சமூக ஊடகங்களில் இப்படங்கள் குறிப்பின்றிப் பகிரப்படும்போது இழக்கப்படுவது அந்த உழைப்புதான்.

அந்தத் தளத்துக்குச் செல்பவர்கள் படத்தை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். குறிப்பை முழுதாகப் படியுங்கள். அடுத்தடுத்த எண் கொண்ட படங்களையும் பாருங்கள். ஒரே வீட்டின் சமையலறையும் தோட்டமும் வேலியும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும்.