நடவு வயலுக்கு என்ன நிறம்?

புரட்டாசியிலிருந்து ஞாயிறுதோறும் திருவையாற்றுக்கு அருகே ஒரே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டிவருகிறேன். மழைக்கு இரண்டு வாரம் போயிற்று. கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது தாள்கள் தேறின. ஓரிடத்தையே திரும்பத் திரும்ப வரைவதற்குத் தைரியம் தந்தவர் பிரெஞ்சு ஓவியர் மோனே. 1883-இல் ஜிவேர்னி என்ற பிரெஞ்சு கிராமத்தில் குடியேறியவர், தன் தோட்டத்துக் குளத்து அல்லிகளை மட்டும் ஏறக்குறைய 250 ஓவியங்களாகத் தீட்டினார்.

முதலில் நாற்றங்கால். குழாயில் வரும் பச்சையை அப்படியே பூசினேன். பிளாஸ்டிக் விரிப்புப் போல இருந்தது. அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் மங்கியது. அந்த நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு. பச்சைச் சாயலுள்ள தாலோ நீலத்தை ஊசிமுனை அளவு எடுத்து எலுமிச்சை மஞ்சளில் கரைத்த பிறகுதான் இளநாற்றின் பளிச்சென்ற பச்சை வந்தது. மங்கிய கலவையும் வீணாகவில்லை. தூரத்துத் தென்னந்தோப்புக்கு அதுதான் சரி.

ஐப்பசியில் நடவு. அன்று என் தாளை எட்டிப் பார்த்த ஓர் அம்மா, “வயல் முழுக்கத் தண்ணீர்தானே தம்பி நிற்கிறது, நீங்கள் பச்சையாகப் பூசியிருக்கிறீர்களே?” என்றார். நிமிர்ந்து பார்த்தேன். வயலில் கிடந்தது வானம்! பச்சை வெறும் கீற்றுகள்தான். புதுத் தாளில் மேகத்தின் சாம்பல் நிறத்தை வரப்புவரை இறக்கி, காய்ந்த பின் மெல்லிய தூரிகையால் நாற்றுகளை வைத்தேன்: அருகே தனித்தனிக் கொத்துகளாக, தொலைவில் ஒன்றோடொன்று கலந்து. இதுவரை வரைந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இந்தத் தாள்தான்.

காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். அவசரப்பட்டு வைத்த கீற்றுகள் பரவிவிட்டன. 1821, 1822-இல் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் வானத்தை வரைந்த ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், தாளின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்தார். நானும் அப்படியே குறிக்கிறேன். பரவிப்போன இரண்டு தாள்களின் பின்னாலும் “வாடை, தூறல்” என்றே இருக்கிறது. அத்தகைய நாட்களில் இனி வானத்தை மட்டும் வரைவேன். குன்றே இல்லாத இந்தச் சமவெளியில் தாளின் முக்கால் பங்கை வானத்துக்குக் கொடுத்தாலும் தகும்.

இப்போது சம்பாப் பயிர் பொதி கட்டியிருக்கிறது; கதிர் இன்னும் தண்டுக்குள்தான். கதிர் தலை சாயும்போது பச்சைக்குள் மஞ்சள் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். காவி மஞ்சளைக் கரைத்துச் சோதனைக் கட்டங்கள் போட்டுவைத்திருக்கிறேன்.