ஒரே பெட்டி, நான்கு முகம்: சப்வூஃபர் போர்ட்டுடன் ஒரு மல்லுக்கட்டு

என் கார் சப்வூஃபர் பெட்டியின் போர்ட் (காற்று வந்துபோகும் குழாய்) எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைய வேண்டும் என்ற டியூனிங் கடைசியில் 36 ஹெர்ட்ஸில் வந்து நின்றுவிட்டது. இனி யார் வந்து என்ன சொன்னாலும் மாற்றுவதாக இல்லை. 12 அங்குல டிரைவர் (கோனும் காந்தமும் கொண்ட ஒலிபெருக்கி), நிகரக் கொள்ளளவு 40 லிட்டர் பெட்டி, 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), வண்டி ஸ்விஃப்ட். பின்பக்கச் சாமான் இடம் முழுவதும் இந்தப் பெட்டிக்குத்தான் என்று வீட்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டேன்.

காற்றுப் புகாமல் மூடிய சீல்டு பெட்டியா, குழாய் வைத்த போர்ட் பெட்டியா என்ற பழைய சண்டையை என் காதாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம். கார் ஆடியோ கடைகளில் கேட்டால் ஒரே மந்திரம்தான்: "கர்நாடக இசையும் பழைய பாட்டும் கேட்பீர்கள் என்றால் சீல்டு, அதிரடிப் பாட்டு என்றால் போர்ட்." எந்த அதிர்வெண்ணில் டியூன் செய்த போர்ட் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. வீட்டு வாசல் தோரணத்துக்கு மாவிலை எண்ணுவதுபோல எத்தனை வாட், எத்தனை வாட் என்பது மட்டும்தான் பேச்சு. போர்ட் பெட்டி என்பது ஒரே வகை அல்ல. 40 ஹெர்ட்ஸில் டியூன் செய்ததும் 32 ஹெர்ட்ஸில் டியூன் செய்ததும் தம்மில் வேறுபடுகிற அளவுக்கு, 32 ஹெர்ட்ஸ் பெட்டி சீல்டிலிருந்து வேறுபடவில்லை என்பது இப்போது என் உறுதியான கருத்து.

டிரைவரின் எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப்எஸ் (டிரைவரின் இயல்பு அதிர்வெண்) 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) 0.46, விஏஎஸ் (சஸ்பென்ஷனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 50 லிட்டர். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி வைத்து, எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணக்கில் இவற்றைப் போட்டால், 40 லிட்டர் சீல்டு பெட்டியில் அமைப்பின் அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ், க்யூடிசி (பெட்டிக்குள் வைத்த பிறகு அதே அடக்கத்தின் அளவு) 0.69. தட்டையான 0.707க்கு அருகில், சீல்டுக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது. ஆனால் போர்ட்டுக்கு இந்த டிரைவர் 80 லிட்டர் கேட்கிறது. 80 லிட்டர் கொடுத்தால் ஸ்டெப்னியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும். எனவே 40தான்.

அந்த எண்களை நம்பலாமா என்பது வேறு கதை. டிரைவர் வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த எஃப்எஸ் 30. புதிதாக எடுத்து அளந்தபோது 36. சில வாரங்கள் நன்றாக ஓடி, கோனைத் தாங்கும் சஸ்பென்ஷன் இளகிய பிறகு 31க்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏறக்குறைய எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். புது டிரைவரை அளந்துவிட்டு உடனே பெட்டி அறுக்காதீர்கள்.

இப்போது இந்தப் பதிவின் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்: போர்ட். ஒரே பெட்டியில் பல டியூனிங்கை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். குழாயைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் அது நடக்காது. கழிவுநீர் இணைப்புக்குப் பயன்படும் 110 மில்லிமீட்டர் எஸ்டபிள்யூஆர் குழாய்தான் வழி காட்டியது. அதன் சாக்கெட்டில் ரப்பர் வளையம் இருக்கும், பசை தேவையில்லை. சாக்கெட்டைப் பெட்டியின் பலகையில் பொருத்தி ஓரத்தை எபாக்சியால் அடைத்தேன். குழாய்த் துண்டுகளைச் சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து செருகினால் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்கிறது. இழுத்தால் வந்துவிடுகிறது. மூடி போட்டால் பெட்டி சீல்டு. குழாய் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒலியியலுக்கு அதில் அக்கறை இல்லை. உள்ளே 40 லிட்டர் காற்றும் குழாயில் அடைபட்ட காற்றும் இருந்தால் போதும். பார்க்கத்தான் சகிக்காது. எம்டிஎஃப் அறுத்துக் கொடுத்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வண்டிக்குள்ளேயே பாத்ரூம் கட்டுகிறீர்களா?" என்றார்.

குழாயின் உள்விட்டம் 10.4 செண்டிமீட்டர். 110 என்பது வெளிவிட்டம். இதை அப்படியே சூத்திரத்தில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்குப்படி 40 ஹெர்ட்ஸுக்கு 32 செண்டிமீட்டர், 36 ஹெர்ட்ஸுக்கு 41.5, 32 ஹெர்ட்ஸுக்கு 54.6. கவனியுங்கள், 40இலிருந்து 36க்கு இறங்க ஒன்பதரை செண்டிமீட்டர் போதும். அடுத்த நான்கு ஹெர்ட்ஸுக்குப் பதின்மூன்று வேண்டும். கீழே போகப் போகக் குழாய் பேராசை பிடித்து நீளும். இடம் மிச்சம் பிடிக்க மூன்று அங்குலக் குழாய் போட்டால் நீளம் ஏறக்குறையப் பாதியாகும்தான். ஆனால் அதில் காற்று போகும் வேகத்துக்கு, பாட்டின் நடுவே யாரோ மூச்சு வாங்குவதுபோல் புஸ் புஸ் என்று கேட்கும். நொடிக்கு 17 மீட்டருக்குள் வேகத்தை வைத்துக்கொள் என்பது பொதுவிதி. நான்கு அங்குலத்துக்குக் கீழே இந்த டிரைவருக்கு யோசிக்கவே கூடாது.

அறுத்த குழாய் உண்மையில் எங்கே டியூன் ஆகிறது என்று அளப்பதுதான் என் மாலை நேரங்களை விழுங்கிய வேலை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் கம்பியில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, டிரைவரின் இரு முனைகளில் ஏசி மின்னழுத்தம் அளக்க வேண்டும். கைபேசியில் சைன் அலைச் செயலி. 20இலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே போனால் மின்னழுத்தம் ஒரு மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மீண்டும் இரண்டாவது மேட்டில் ஏறும். நடுப்பள்ளத்தின் அடிதான் டியூனிங். கேட்க எளிது. மலிவான மல்டிமீட்டர் பலவற்றில் ஏசி பக்கம் 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. அதில் அரை வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைப் படிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற கதை. 2 வோல்ட் ஏசி அளவுள்ள மீட்டரைத் தேடி சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஏசி என்றால் 230 வோல்ட் சார், 2 வோல்ட் ஏசி எங்கே இருக்கிறது?" என்று ஒரு கடைக்காரர் எனக்கே பாடம் எடுத்தார். கடைசியில் கிடைத்தது, விலையைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதுவும் துல்லியமானது. டியூனிங் அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய அசையாது. வேலை முழுவதையும் போர்ட்டில் உள்ள காற்றே செய்யும். கோனின் நடுவில் வெள்ளை ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். மற்ற அதிர்வெண்களில் அது மங்கிய பட்டையாகத் தெரியும். டியூனிங்கை நெருங்க நெருங்கச் சுருங்கி, சரியான இடத்தில் பொட்டு பொட்டாகவே தெரியும். அதே நேரத்தில் குழாய் வாயில் கையை வைத்தால் விசிறிக் காற்று. மீட்டர் சொன்னதற்கும் பொட்டு சொன்னதற்கும் ஒரு ஹெர்ட்ஸுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. கணக்கைவிட மூன்று குழாய்களுமே சற்று மேலே டியூன் ஆயின. டிரைவரின் காந்தமும் குறுக்குச் சட்டங்களும் விழுங்கிய இடத்தை ஆசாரியின் அளவுகோல் கொஞ்சம் குறைவாகவே கணக்கிட்டிருக்கிறது. அரை செண்டிமீட்டர், ஒரு செண்டிமீட்டர் என்று குழாயைக் கூட்டிச் சரிசெய்தேன்.

குழாய் வாயை மலர்த்துவதும் ஒரு தனிக் கலை. பிவிசி 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளகிவிடும். ஹீட் கன் கொண்டு ஓரத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, கவிழ்த்துவைத்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அழுத்தி, ஈரத்துணியால் ஆற்ற வேண்டும். மொட்டைமாடியில் செய்யுங்கள், கருகினால் வரும் புகை நல்லதல்ல. மலர்ந்த வாய் குழாயின் பயன்தரும் நீளத்தைச் சற்றுக் குறைக்கும் என்பதால் முன்பே ஒரு செண்டிமீட்டர் கூடுதலாக அறுத்துக்கொள்வது நல்லது.

இனி பாட்டு.

முதலில் காரைப் பற்றி ஒன்று. முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை இரண்டரை மீட்டர் என்று வைத்தால், 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலையின் பாதி நீளம்கூட வண்டிக்குள் அடங்காது. அதற்குக் கீழே வண்டியின் அறையே அழுத்தக் கலம்போல் ஆகி, கீழே போகப் போக ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஏட்டில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல். கதவு ரப்பர், மெல்லிய தகடு எல்லாம் கசியவிடுவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. சீல்டு பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் இறங்குகிறது. வண்டி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. போர்ட் பெட்டி டியூனிங்குக்குக் கீழே 24 டெசிபெல் இறங்குகிறது. வண்டி அதில் பாதியைத்தான் மீட்கும். வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு காருக்குப் பெட்டி தேர்ந்தெடுப்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

40 ஹெர்ட்ஸ் குழாயை மாட்டியதும் முதல் ஐந்து நிமிடம் பேரானந்தம். திருவிழாப் பாட்டு, நிரல்செய்த டிரம்ஸ் எல்லாம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. அந்தக் காலப் பேஸ் கிதார் தாளத்துக்கு மட்டும் துணை நிற்காது, தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டே போகும். நான்கு தந்திப் பேஸ் கிதாரின் திறந்த தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். 40இல் டியூன் செய்த சிறிய பெட்டி 45-50 பக்கம் பெரிய மேட்டை எழுப்புகிறது. வண்டி அதன் மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. விளைவு, கீழ்த்தந்தியில் இரண்டு மூன்று சுரங்கள் மட்டும் கூரையைப் பிய்க்கின்றன. மேலே ஏறும் சுரங்கள் திடீரென்று காணாமல் போகின்றன. பாட்டு எழுதியவர் ஏணி வைத்திருக்கிறார், பெட்டி அதன் ஒரு படியை மட்டும் காட்டுகிறது.

மூடியைப் போட்டு சீல்டாக்கினேன். எல்லாப் படிகளும் திரும்பி வந்தன. வேகமான மெட்டல் இசையில் இரு கால்களாலும் மிதிக்கும் டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. ஆனால் ஹிப்ஹாப் போட்டால் பசி தீரவில்லை. 1980இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 டிரம் இயந்திரத்தின் பேஸ் டிரம்மை இழுத்து நீட்டி, சுரமாகவே வாசிக்கும் பழக்கம் அந்த இசையின் முதுகெலும்பு. அது அடி அல்ல, நின்று இழுக்கும் சைன் அலை. 30களின் நடுவரை சாதாரணமாக இறங்குகிறது. அங்கே சீல்டு பெட்டி கோனைத் தள்ளித் தள்ளியே களைக்கிறது, ஆம்ப்ளிஃபயர் சூடாகிறது, சத்தம் வருவதில்லை.

32 ஹெர்ட்ஸ் குழாய் அதைத் தீர்த்தது. எனக்கு வியப்பளித்தது வேறு: அதே மெட்டல் டிரம் இதிலும் தெளிவாகவே இருந்தது. போர்ட் பெட்டி ஒலியைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் டியூனிங்கை ஒட்டிய பகுதியில்தான். டிரம்மின் அடி 60 பக்கம் இருக்க, தாமதம் 32இல் கிடந்தால் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. "போர்ட் என்றாலே தொளதொள" என்ற பேர் 40க்கு மேலே டியூன் செய்து விற்கப்படும் பெட்டிகள் சம்பாதித்துக் கொடுத்தது.

மிருதங்கம்தான் என்னை நிஜமாகவே திணறடித்தது, அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) மணிக்கட்டை அழுத்திக் கும்கி இழுக்கும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலின் நடுவே சப்வூஃபர் விட்டுவிட, கதவு ஒலிபெருக்கி பிடித்துக்கொள்ள வேண்டும். கிராஸ்ஓவர் (இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்) 80இல் இருந்தபோது கும்கி பின்சீட்டில் தொடங்கி முன்கதவில் முடிந்தது! சப்வூஃபர் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) தலைகீழாகத் திருப்பும் விசையை மாற்றிப் போட்டு, கிராஸ்ஓவரை 65க்கு இறக்கிய பிறகுதான் வித்துவான் ஒரே இடத்தில் உட்கார்ந்தார். பறைக்கு சப்வூஃபரே வேண்டாம் என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. அணைத்துவிட்டுக் கேட்டேன், குச்சி படும் வெடிப்பு முழுவதும் கதவுகளிலேயே இருக்கிறது. உறுமியை அப்படி அணைத்தால் பாதி உயிர் போய்விடுகிறது.

36ஐ ஏன் பிடித்தேன் என்றால், பேஸ் கிதாரின் 41 ஹெர்ட்ஸ் அதற்கு மேலே பாதுகாப்பாக நிற்கிறது, 40 குழாயின் மேடு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, 808இன் இழுவையில் கொஞ்சம்தான் போகிறது. தவிர, 41.5 செண்டிமீட்டரைப் பெட்டிக்குள் மடக்க முடியும், 54.6ஐ முடியாது. மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்சானிக் ஃபில்டரை 30இல் வைத்திருக்கிறேன். போர்ட் பெட்டி வைத்துக்கொண்டு அதை அணைத்து வைப்பவர்கள் அடுத்த டிரைவருக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

இப்போது மிச்சம் இருப்பது குழாயை உள்ளே கொண்டுபோவது. 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். குழாய் விழுங்கப்போகும் நான்கு லிட்டரைச் சேர்த்துப் புதிய பெட்டி அறுக்க வேண்டும், அதுவும் இந்தமுறை பிளைவுட்டில். எம்டிஎஃப் கனம் தாங்கவில்லை, போன மழையில் ஓரம் வேறு உப்பியிருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தரைவிரிப்புத் துணி விலை கேட்டேன். கறுப்பு இருக்கிறது, வண்டியின் உள்நிறத்துக்குப் பொருந்தும் சாம்பல் அடுத்த வாரம் வருமாம். நம்பர் பிளேட் 45 ஹெர்ட்ஸில் கிடுகிடுக்கிறது. அதற்குப் பின்னால் ஒட்ட நுரைப்பட்டையும் வாங்கவேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.