செவ்வரத்தைக் கிளையில் இரண்டு பஞ்சு உருண்டைகள்

எங்கள் வீட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரமாக ஒரு செவ்வரத்தை நிற்கிறது. போன வருடம் ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. பக்கத்து லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லையா என்று பார்க்க போன் வெளிச்சத்தோடு வெளியே வந்தேன். ஒரு மெல்லிய கிளையின் நுனியில், தலைக்கு மேலே ஒரு இலை குடை மாதிரி கவிந்திருக்க, இரண்டு பஞ்சு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தலையும் இல்லை, காலும் இல்லை. ஒன்றின் பின்பக்கம் மட்டும் வால் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்ததால்தான் பறவை என்றே தெரிந்தது. தையல் சிட்டு. பகல் முழுக்க 'ட்டுவிட் ட்டுவிட்' என்று காதைத் துளைக்கும் அதே ஜோடி.

மறுநாள் அக்கா மகளைக் கூட்டி வந்து தூரத்தில் நின்றபடி காட்டினேன். பார்த்த உடனே, "மாமா, இதுகளுக்குத்தான் அந்தப் பக்கம் கூடு இருக்கே, ஏன் போகாம மழையில கிடக்குதுக?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதே செடியின் மறுபக்கத்தில் இரண்டு இலைகளைச் சேர்த்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சை நூலாக்கிக் கோர்த்த கூடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பறந்துபோனது ஆடி மாதத்தில். அதற்குப் பிறகு அந்தக் கூட்டை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தால் பறவைகள் கூடு திரும்பும் என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு என்பது பிள்ளைப்பேறு நடக்கும் இடம், அவ்வளவுதான். முட்டையும் குஞ்சும் இருக்கும்வரை தேவை, பிறகு அது பழைய எச்சமும் பேனும் சேர்ந்த இடம், பாம்புக்கும் பூனைக்கும் மணம் காட்டிக்கொடுக்கும் இடம். அதில் போய் யார் தூங்குவது? எல்லாப் பறவையும் இப்படி என்று சொல்ல முடியாது. புல்விதை தின்னும் சில்லைக் குருவிகள் உருண்டையாகக் கட்டிய புல்கூட்டுக்குள் குடும்பத்தோடு இரவிலும் அடைகின்றன. குக்குறுவான் மரப்பொந்துக்குள் படுக்கும். மற்றவற்றுக்கு ஒரு கிளை போதும், ஆனால் அது சரியான கிளையாக இருக்க வேண்டும்.

தையல் சிட்டின் கிளையை நான் அதற்குப் பிறகு பல ராத்திரி பார்த்தேன். வேண்டுமென்றேதான் அவ்வளவு மெல்லிய நுனியைப் பிடிக்கிறது. பூனையோ பாம்போ அடியில் கால் வைத்தால் நுனி ஆடும், ஆடினால் முழிப்பு வந்துவிடும். இஸ்தோப்பு பல்பு வேறு ஆறடி தூரத்தில் எரிகிறது. மனிதர் நடமாட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் பக்கத்திலேயே இரவு தங்குவது தையல் சிட்டுகளின் வழக்கமாம். எங்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தூங்கிக்கொண்டே விழாமல் இருப்பது எப்படி என்று அக்கா மகளுக்கு அடுத்த சந்தேகம். இதற்குப் பதில் எங்கள் குசினியிலேயே இருந்தது. தீபாவளிக்குக் கோழி அடிக்கும்போது வெட்டிப் போட்ட காலை எடுத்து, வெள்ளையாகத் தெரியும் நரம்பைப் பிடித்து இழுத்தால் விரல்கள் கப்பென்று மூடிக்கொள்ளும், சின்ன வயதில் அதை வைத்துத் தங்கச்சியைப் பயமுறுத்தியிருக்கிறேன். அதே ஏற்பாடுதான். பறவை குந்தும்போது கால் மடங்குகிறது, மடங்கும்போது பின்னால் ஓடும் தசைநார் இழுபடுகிறது, விரல்கள் கிளையைச் சுற்றிக்கொள்கின்றன என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அந்த நார் சொரசொரப்பானது, அதைச் சுற்றிய உறையின் உட்பக்கம் வரிவரியாக இருக்கும். பாரம் அழுத்தியதும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அதனால் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குவது போன்ற கஷ்டம் அதற்கு இல்லை.

குளிருக்கு அந்தப் பஞ்சு உருண்டை. இறகுகளைச் சிலிர்த்து இடையில் காற்றை அடைத்துக்கொள்கிறது, எங்களுக்குக் கம்பளி மாதிரி. அலகைச் சிறகுக்கு அடியில் வைக்கிறது என்று சொல்வார்கள், கிட்டப் பார்த்தால் தலையைப் பின்னால் திருப்பி முதுகு இறகுக்குள் அலகைப் புதைத்திருப்பது தெரியும். மூச்சுவிடும் காற்றும் சூடாகவே கிடைக்கும். பத்துக் கிராம்கூட இல்லாத உடம்பு, உள்ளே 40 பாகை வெப்பத்தைக் காப்பாற்ற வேண்டும். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் புல்லெல்லாம் வெள்ளைப் பனி படிந்து தேயிலைக் கொழுந்தே கருகும் ராத்திரிகளில் இந்தச் சின்ன உயிர்கள் விடியும்வரை தாக்குப்பிடிப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. வெள்ளைக்கண்ணிக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. லயத்தில் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. ஒருநாள் நான் மெதுவாகக் கதவைத் திறந்தபோது ஒரு சிட்டின் ஒற்றைக் கண் மட்டும் திறந்து, என்னைப் பார்த்து, திரும்பவும் மூடியது. பல பறவைகளால் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியை விழிப்பில் வைக்க முடியும். 1999இல் வாத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்த ஆய்வில், ஓரத்தில் இருந்தவை வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தபடி தூங்கின, நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டையும் மூடின. 2016இல் வந்த ஆய்வில், கடலுக்கு மேல் நாட்கணக்கில் பறக்கும் போர்க்கப்பல் பறவைகள் பறந்துகொண்டே தூங்குவது தெரிந்தது, அதுவும் ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம்தான்.

தலைகீழாகத் தூங்கும் பறவையும் நம் நாட்டில் இருக்கிறது. சிங்களத்தில் கிராமலித்தா என்பார்கள், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சின்னப் பச்சைக் கிளி, உச்சந்தலையில் சிவப்பு. வௌவால் போலக் கிளையில் தொங்கிக்கொண்டு தூங்கும். கண்டியில் உடவத்தகலை காட்டில் பகலில் பார்த்திருக்கிறேன், தூங்குவதைப் பார்க்க இன்னும் கொடுத்துவைக்கவில்லை.

மாரியில் வருபவற்றின் கதை வேறு. ஆறுமணிக் குருவி ஐப்பசியில் இந்தியாவிலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருகிறது. சின்னப் பறவைகள் நிறைய இப்படி இரவில்தான் நெடுந்தூரம் போகும், தூக்கத்தைப் பகலில் துண்டுதுண்டாகத் தேடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்று எங்கள் இஸ்தோப்பு வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே வந்து சுவரில் மோதி விழுந்தது. அம்மா ஓடிப்போய் லைட்டை அணைத்தார். சப்பாத்துப் பெட்டியில் துணி போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்தோம். கையில் எடுத்தபோது ஒரு கைப்பிடி அவலை விடப் பாரம் இல்லை, நெஞ்சு மட்டும் மெஷின் மாதிரி அடித்தது. விடிந்ததும் வேலியோரப் புதரடியில் பெட்டியைத் திறந்து வைத்தோம், ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து, பிறகு தத்தித் தத்தி இலைச்சருகுக்குள் போய்விட்டது. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டதும் அம்மா, "பொழச்சிருச்சு" என்றார். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வெளி லைட்டை ஒன்பது மணிக்கே அணைத்துவிடுகிறோம். தையல் சிட்டுகள் இருட்டிலும் அதே கிளையில்தான் இருக்கின்றன.

மைனாக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆற்றோரத்தில் இருந்த மூங்கில் புதரில் அந்தியானால் நூற்றுக்கணக்கில் வந்து அடையும். ஒரு அரை மணி நேரம் சந்தைக் கடை மாதிரி இரைச்சல், பிறகு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி அமைதி. போன மாசியில் ஒரே பகலில் அந்தப் புதரை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கூடு ஒன்றும் இல்லையே, பிறகென்ன என்று வெட்டியவர்கள் சொன்னார்கள். அன்று அந்தியில் மைனாக்கள் வழக்கம்போல வந்தன. மூங்கில் இருந்த வெற்றிடத்துக்கு மேலே சுற்றின, போய் மின்கம்பியில் உட்கார்ந்தன, எழும்பின, திரும்பவும் சுற்றின. நன்றாக இருட்டிய பிறகும் சிறகுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பறவைக்கு ராத்திரி தங்கும் இடம் போவது கூடு போவதற்குக் குறைந்த இழப்பு இல்லை, கேட்க ஆள்தான் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறு யாராவது இப்படித் தூங்கும் பறவையைக் கண்டால், டோர்ச்சை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். நான் முதல் வாரத்தில் ஒருதரம் அப்படிச் செய்தேன். ஒன்று திடுக்கிட்டு இருட்டுக்குள் பறந்து, எங்கே போனதென்றே தெரியவில்லை, அன்று முழுக்க மற்றது தனியாகவே கிடந்தது. அடுத்த ராத்திரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

இப்போது சித்திரை. ஒரு வாரமாகக் கிளையில் ஒன்றுதான் தூங்குகிறது. செடியின் உட்பக்கம் புதிதாக இரண்டு இலைகள் ஒட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. முட்டை இருக்கும் என்று அக்கா மகள் அடித்துச் சொல்கிறாள். கையை விட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், தினமும் பின்னேரம் படியில் உட்கார்ந்து எட்ட இருந்தே பார்க்கிறாள்.