நியூயார்க் ஆட்ட நாட்கள்: மே 1997

மே 2
உலகச் செஸ் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம் கணினி டீப் புளூவுக்கும் இடையிலான ஆறு ஆட்டப் போட்டி நாளை தொடங்குகிறது. காஸ்பரோவ் வெல்வாரா, டீப் புளூ வெல்லுமா என்பதே ஊரெங்கும் பேச்சு. அந்த இயந்திரத்தைச் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டருக்கு உரியது என்று ஏற்க எவ்வளவு சான்று போதும் என்ற கேள்விதான் என்னை உறங்க விடாமல் அரிக்கிறது. மனிதர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 2500 ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்) வேண்டும்; அதோடு, பலதரப்பட்ட எதிராளிகளுடன் 24க்குக் குறையாத ஆட்டங்களில் நார்ம், அதாவது பட்டத்துக்குரிய தரத்தில் ஆடியதற்கான தகுதி, பெற்றிருக்க வேண்டும். இங்கே எதிராளி ஒருவர், ஆட்டங்கள் ஆறு.

மே 3
காஸ்பரோவ் வென்றார்.

மே 4
இரண்டாம் ஆட்டத்தை டீப் புளூ வென்றுவிட்டது. வென்ற விதம்தான் நெஞ்சை விட்டு அகலவில்லை. 36ஆம் நகர்த்தலில் ராணியை உள்ளே நுழைத்துச் சிப்பாய்களைப் பறித்திருக்கலாம். கணினிகள் அப்படித்தான் செய்யும் என்று அனைவரும் காத்திருந்தோம். அது சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்த்தலில் பிஷப்பை ஈ4 கட்டத்தில் நிறுத்தி, கறுப்புக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ் மூச்சுவிட இருந்த ஒரே வழியையும் அடைத்தது. நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வேகம் மட்டுமே இத்தகைய பொறுமையைத் தருமா?

மே 5
பிஷப் ஈ4. அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

மே 6
மூன்றாவது ஆட்டம் டிரா. ஆனால் இன்றைய பேச்சு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றியே: காஸ்பரோவ் விட்டுக்கொடுத்த நிலையில் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்யும் வழி இருந்ததாம். அப்படியானால் நான் வியந்த ஆட்டத்தின் கடைசியில் இயந்திரம் அந்த வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. நகர்த்தலின் அழகைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. புள்ளிகளைக் கொண்டு சொல்லலாமென்றால், ஆறு ஆட்டங்களில் அரைப் புள்ளி இடம் மாறினாலே கணக்கிடப்படும் ரேட்டிங் ஏறக்குறைய 60 நகர்ந்துவிடுகிறது. 25 ஆட்டங்களானால் அதே அரைப் புள்ளிக்கு 14தான் நகரும்.

மே 7
டிரா.

மே 9
அண்ணன் தொலைபேசியில், "உலகச் சாம்பியனோடு சரிசமமாக ஆடுவதற்கு மேல் என்னடா வேண்டும்?" என்றார். 2500 ரேட்டிங் உள்ள ஒருவர், 2800ஐ நெருங்கிய காஸ்பரோவிடம் ஆறு ஆட்டங்களில் ஒரு புள்ளி எடுத்தாலே தன் தகுதிக்கு ஆடியிருக்கிறார் என்று பொருள். சென்ற ஆண்டு பிலடெல்ஃபியாவில் தோற்றபோதே டீப் புளூ இரண்டு புள்ளி எடுத்தது. ஆகவே சாம்பியனை வெல்வதும் கிராண்ட்மாஸ்டர் ஆவதும் வெவ்வேறு அளவுகோல்கள். செஸ் ஆடும் கணினிகளுக்கான ஃபிரெட்கின் பரிசை வகுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள்: இடைநிலைப் பரிசுக்கு மனிதர்களுடன் 25 ஆட்டங்களில் 2500க்கு மேல் ஆட வேண்டும் என்று வைத்தார்கள். டீப் புளூவின் முன்னோடியான டீப் தாட் 1988இல் லாங் பீச் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் லார்சனை வீழ்த்தி, இன்னொரு கிராண்ட்மாஸ்டரான டோனி மைல்ஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்து, மறு ஆண்டு அந்தப் பரிசைப் பெற்றது. அதே 1989இல் காஸ்பரோவ் டீப் தாட்டை 2–0 என்று வென்றார். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எந்தக் கிராண்ட்மாஸ்டரின் பழைய ஆட்டங்களையும் எதிராளி எடுத்துப் படிக்க முடியும். இந்த டீப் புளூவின் ஆட்டங்களை யாரும் காஸ்பரோவிடம் கொடுக்கவில்லை. பலவீனம் தெரிந்த பிறகும் தாக்குப்பிடிப்பதுதான் வலிமை. அதை இங்கே எவரும் சோதிக்கவில்லை.

மே 10
மறுபடியும் டிரா. 2½–2½. நாளை வரை எப்படிப் பொறுப்பது?

மே 11
பத்தொன்பதே நகர்த்தல்களில் டீப் புளூ வென்றுவிட்டது. கறுப்புக் காய்களுடன் காரோ-கான் என்ற தொடக்க முறையை ஆடிய காஸ்பரோவ் ஏழாவது நகர்த்தலில் எச்6 என்று சிப்பாயைத் தள்ள, டீப் புளூவின் குதிரை ஈ6இல் பாய்ந்து தன்னைப் பலி கொடுத்தது. அந்தப் பலி மனிதர்கள் அதன் தொடக்கநூலில் (தயாராக வைத்த தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பில்) முன்பே எழுதி வைத்தது. அப்படியென்றால் போட்டியைத் தீர்த்த ஆட்டத்திலிருந்து இயந்திரத்தின் வலிமையைப் பற்றி நான் எதைக் குறித்துக்கொள்வது?

மே 12
டீப் புளூ வழக்கமான போட்டிகளுக்கு வந்து ஆடட்டும் என்று காஸ்பரோவ் கேட்கிறார். தோற்றவரின் கோபமென்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியான கோரிக்கையாகவே படுகிறது. "இனியும் உனக்கு என்ன சான்று?" என்று அண்ணன் கேட்டார். பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கிராண்ட்மாஸ்டர்கள், முழு நேர ஆட்டங்கள், அதன் பழைய ஆட்டங்கள் அவர்கள் கையில் என்றேன். டீப் புளூ அடுத்து எங்கே ஆடும் என்று ஐபிஎம் இன்னும் சொல்லவில்லை.